ஒரு மாலை வெற்றி, ஒரு மாலை தோல்வி: பிரெஞ்சு நாடக முன்னோடி எத்தியேன் ஜொதெல்



ஆண்டு விழா நெருங்கினாலே நம் சமுதாயக் கூடத்தில் இரவு பத்து மணி வரை விளக்கு அணைவதில்லை. ஒரு பக்கம் குழந்தைகளின் நடன ஒத்திகை நடக்கும், இன்னொரு பக்கம் பெரியவர்களின் நாடக ஒத்திகை நடக்கும். போன விழாவில் நாடகத்தின் முக்கியமான கட்டத்தில் மைக் நின்றுபோனது பலருக்கும் நினைவிருக்கும். நாடகத்தை எழுதி நடத்தியவர் வாரக்கணக்கில் உழைத்திருந்தார். ஆனால் மறுநாள் காலை நடைப்பயிற்சியில் நாம் எல்லோரும் பேசியது மைக்கைப் பற்றித்தான். நானும் அப்படிப் பேசியவன்தான்.

அந்த உறுத்தலோடு இருந்தபோது எத்தியேன் ஜொதெல் என்பவரின் வாழ்க்கை ஞாபகம் வந்தது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் வாழ்ந்தவர் இவர். பிரெஞ்சு நாடக வரலாற்றைப் படிப்பவர்கள் இவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. இருபது வயதைக் கடந்த கையோடு ஒரே மாலையில் புகழின் உச்சிக்குப் போனார். ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு மாலையில் அரசர் முன்னிலையிலேயே கீழே விழுந்தார். அவருடைய கதையை இந்த இதழில் பகிர்ந்துகொள்கிறேன்.

அன்றைய நாடகம் எப்படி இருந்தது?

ஜொதெல் 1532ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் பிரான்சில் நாடகம் என்றால் பெரும்பாலும் பைபிள் கதைகளும் புனிதர்களின் கதைகளும்தான். ஊர் மக்களே வேடம் கட்டி நடிப்பார்கள். ஒரு நாடகம் ஒரே நாளில் முடிந்துவிடாது. பிரெஞ்சு பேசும் வாலென்சியன் நகரில் 1547இல் ஏசு கிறிஸ்துவின் கதையை 25 நாட்கள் நடித்தார்கள். மேடையில் ஒரு மூலையில் சொர்க்கம், மறு மூலையில் நரகம். பக்தியும் இருக்கும், நடுநடுவே சிரிப்புக் காட்சிகளும் இருக்கும்.

இந்தக் கலவை காலப்போக்கில் மேலிடத்தில் இருந்தவர்களுக்குப் பிடிக்காமல் போனது. புனிதமான கதையைக் கேலிக்கூத்து ஆக்குகிறார்கள் என்று ஒரு சாரார் குறை சொன்னார்கள். கத்தோலிக்கர்களுக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் இடையே பகை வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 1548 நவம்பரில் பாரிஸ் உயர் நீதிமன்றம் புனிதக் கதைகளை மேடையேற்றக் கூடாது என்று தடை விதித்தது. பாரிஸில் நாடகம் நடத்தும் உரிமையை வைத்திருந்த சகோதர சங்கம் அப்போதுதான் புதிய அரங்கம் ஒன்றைக் கட்டியிருந்தது. அரங்கம் இருக்கிறது, பழைய கதைகளை நடிக்க முடியாது. புதிதாக எதை நடிப்பது என்ற கேள்வி எழுந்தது.

படித்தவர்கள் மத்தியில் அதற்கான பதில் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. பழைய கிரேக்க, ரோம நாடகங்களை அவர்கள் தேடிப் படித்தார்கள். சோஃபக்ளீஸ் எழுதிய எலெக்ட்ரா நாடகம் 1537இல் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பாக வந்துவிட்டது. கல்லூரிகளில் ஆசிரியர்கள் லத்தீனில் துன்பியல் நாடகங்கள் எழுதி மாணவர்களை நடிக்க வைத்தார்கள். போர்தோ நகரக் கல்லூரியில் ஜார்ஜ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதிய நாடகங்களில் நடித்த மாணவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் கட்டுரைகளால் உலகப் புகழ் பெற்ற மோந்தேன்.

ஆனால் மொழிபெயர்ப்பு வேறு, லத்தீன் வேறு. கிரேக்கர்களைப் போல அரச குடும்பத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் நாடகத்தைச் சொந்தமாகத் தாய்மொழியில் எழுத முடியுமா? 1549இல் து பெல்லே என்ற கவிஞர் பிரெஞ்சு மொழிக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் நம் மொழி தாழ்ந்தது இல்லை, உழைத்தால் அதிலும் காவியமும் துன்பியல் நாடகமும் எழுதலாம் என்பது அதன் சாரம். மறு ஆண்டே தியோதோர் தெ பேஸ் என்ற புரொட்டஸ்டண்ட் அறிஞர் ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் போகும் கதையைச் சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சில் நாடகமாக்கினார். அதுவும் பைபிள் கதைதான். கிரேக்க, ரோம வழியில், ஐந்து அங்கங்களோடும் கோரஸ் என்னும் பாடற்குழுவோடும் பிரெஞ்சில் எழுதப்பட்ட முதல் சொந்தத் துன்பியல் நாடகம் இன்னும் பிறக்கவில்லை.

பத்து காலைப் பொழுதுகள்

ஜொதெல் பாரிஸின் போன்கூர் கல்லூரி வட்டத்தைச் சேர்ந்த இளைஞர். கவிதை, ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, வாள்வீச்சு என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். எழுதும் வேகம் அசாத்தியமானது. எவ்வளவு பெரிய நாடகமானாலும் பத்து காலைப் பொழுதுகளுக்கு மேல் அவர் எடுத்துக்கொண்டதில்லை என்று அவருடைய நண்பர் ஷார்ல் தெ லா மோத் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நண்பர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வேகம்தான் அவருக்கு வரமாகவும் அமைந்தது, வினையாகவும் அமைந்தது.

ரோன்சார் என்ற பெருங்கவிஞரைச் சுற்றி அப்போது ஓர் இளைஞர் குழு இருந்தது. பிளெயாத் என்பது அந்தக் குழுவின் பெயர். நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயர் அது. ஏழு விண்மீன்கள் போல ஏழு கவிஞர்கள். அந்த ஏழு பேரில் நாடகத்துக்கு என்று சொல்லத்தக்கவர் ஜொதெல்.

1553ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'சிறைப்பட்ட கிளியோபாட்ரா' என்ற அவருடைய நாடகம் பாரிஸில் ரீம்ஸ் மாளிகையில் அரசர் இரண்டாம் ஹென்றி முன்னிலையில் அரங்கேறியது. பிறகு போன்கூர் கல்லூரியிலும் நடந்தது. கல்லூரியின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பெரிய மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்ததையும், முற்றத்தில் மாணவர் கூட்டம் வாசல் வரை வழிந்ததையும் நேரில் பார்த்த எத்தியேன் பாக்கியே என்ற அறிஞர் பதிவு செய்திருக்கிறார்.

நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. எல்லோரும் நண்பர்கள். முக்கிய வேடங்களை ரெமி பெல்லோ, லா பெரூஸ் என்ற இரண்டு கவிஞர்கள் ஏற்றார்கள். அன்றைக்குப் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். கிளியோபாட்ராவாக நடித்தது ஜொதெல்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கதை நமக்குத் தெரிந்ததுதான். போரில் தோற்று ஆண்டனி தற்கொலை செய்துகொண்டுவிட்டான். எகிப்து அரசி கிளியோபாட்ரா ரோமானியத் தலைவன் ஆக்டேவியஸின் கைதி. அவளை ரோமுக்குக் கொண்டுபோய் வெற்றி ஊர்வலத்தில் எல்லோரும் பார்க்க நடத்திச் செல்ல வேண்டும் என்பது அவன் எண்ணம். அந்த அவமானத்தைவிடச் சாவதே மேல் என்பது அவள் முடிவு. நாடகம் ஆண்டனியின் ஆவி பேசுவதில் தொடங்கி, ஒரே நாளுக்குள் அவளுடைய மரணத்தில் முடிகிறது. மரணம் மேடையில் நடக்காது. ஒருவன் வந்து செய்தி சொல்வான், அலெக்சாண்டிரியா நகரப் பெண்களின் குழு கேட்டுப் புலம்பும்.

இன்று படித்தால் வசனங்கள் நீளமாகத் தோன்றும், செயல் குறைவு என்று தோன்றும். ரோம நாடக ஆசிரியர் செனெகாவின் பாணி அது. ஆனாலும் ஓரிடத்தில் உயிர் துள்ளும். கிளியோபாட்ரா தன் செல்வத்தை எல்லாம் கணக்குக் காட்டிவிட்டதாக ஆக்டேவியஸிடம் சொல்லும்போது, அவளுடைய பணியாளனே குறுக்கிட்டு இன்னும் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று காட்டிக்கொடுத்து விடுகிறான். அரசி பாய்ந்து அவனை அடித்துத் துவைக்கிறாள். அதுவரை கவிதை பேசிக்கொண்டிருந்த அரசி ஒரு நொடியில் ஆத்திரம் கொண்ட மனுஷி ஆகிவிடுகிறாள்.

அரசர் மகிழ்ந்துபோய்த் தன் கருவூலத்தில் இருந்து 500 எக்யூ நாணயங்கள் பரிசளித்தார். எக்யூ என்பது அன்றைய பிரெஞ்சு தங்க நாணயம். பிரெஞ்சு மொழியால் முடியும் என்று ஓர் இளைஞர் நிரூபித்துவிட்டார். கூடவே 'யூஜீன்' என்ற நகைச்சுவை நாடகத்தையும் பழைய ரோம முறையில் எழுதி மேடையேற்றினார். ஆக, இரண்டு வகை நாடகத்துக்கும் ஒருவரே பிள்ளையார் சுழி போட்டார் எனலாம்.

ஆட்டுக்கிடா விவகாரம்

அந்த வெற்றியைக் கொண்டாட நண்பர்கள் பாரிஸுக்கு அருகே உள்ள ஆர்க்கோய் கிராமத்துக்கு உல்லாசப் பயணம் போனார்கள். பண்டைய கிரேக்கத்தில் துன்பியல் நாடகப் போட்டியில் வென்றவருக்கு ஆட்டுக்கிடா பரிசாகக் கிடைக்கும் என்று அவர்கள் படித்திருந்தார்கள். எனவே ஒரு கிடாவைப் பிடித்து, கொடியிலைகளால் மாலை சூட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே ஜொதெல் முன் கொண்டு வந்து நிறுத்தினார்கள். சிரித்தார்கள், விருந்து சாப்பிட்டார்கள், வீடு திரும்பினார்கள்.

படித்த இளைஞர்களின் விளையாட்டு என்று இதை யாரும் விட்டுவிடவில்லை. கிடாவை மது தேவன் பாக்கஸுக்குப் பலி கொடுத்தார்கள், கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள் என்று வதந்தி பரவியது. பத்தாண்டு கழித்துக்கூட எதிர்த் தரப்பினர் இதைக் கிளற, பலி எதுவும் நடக்கவில்லை என்று ரோன்சார் 1563இல் கவிதையிலேயே பதில் எழுத வேண்டியிருந்தது. அடுத்தவர் சந்தோஷத்தில் தப்புக் கண்டுபிடிக்கும் பழக்கத்துக்குக் காலமும் தேசமும் கிடையாது போலிருக்கிறது.

1558 பிப்ரவரி 17

இப்போது அந்த இரண்டாவது மாலைக்கு வருவோம்.

1557 ஆகஸ்டில் பிரான்ஸ் சேன் கந்தேன் போரில் படுதோல்வி அடைந்திருந்தது. நாடே சோர்ந்து கிடந்தபோது, 1558 ஜனவரியில் கீஸ் பிரபு கலே துறைமுகத்தை ஆங்கிலேயரிடம் இருந்து மீட்டார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் கையில் இருந்த ஊர் அது. மக்கள் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினார்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை பாரிஸ் நகர மன்றத்தில் விருந்து உண்ண வருவதாக அரசர் தெரிவித்தார்.

நகர மன்றத்தார் பதறிப்போனார்கள். கைவசம் இருந்தவை சில நாட்களே. அரசருக்கு ஏற்ற கலை நிகழ்ச்சியை அவ்வளவு சீக்கிரம் யார் தயாரிப்பது? வேகமாக எழுதுபவர் என்று பெயர் எடுத்த ஜொதெலைத் தேடிப் போனார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். எழுதுவதை மட்டும் ஒத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மண்டப அலங்காரம், லத்தீன் வாசகங்கள், ஓவியங்கள், வேடங்கள், பாட்டு, நடிப்பு என்று அத்தனை பொறுப்பையும் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

தேர்ந்தெடுத்த கதை கிரேக்க வீரன் ஜேசன் ஆர்கோ என்ற கப்பலில் தங்கத் தோலைத் தேடிப் போகும் கதை. பாரிஸ் நகரத்தின் சின்னமே கப்பல் என்பதால் பொருத்தமான யோசனைதான். இசைக்கடவுள் போன்ற ஆர்ஃபியஸ் பாடிக்கொண்டே வர, அவன் இசைக்கு மயங்கிப் பாறைகள் பின்தொடர்ந்து வர வேண்டும் என்பது காட்சி.

விழா நாளில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. மண்டபத்தில் நடிகர்கள் நகரக்கூட இடம் இல்லை. சத்தத்தில் வசனம் கேட்கவில்லை. அவசரத்தில் பாடம் பண்ணியவர்கள் வசனத்தை மறந்தார்கள். வேடமிட்டு வந்த ஜொதெலுக்கும் பதற்றத்தில் நிதானம் போய்விட்டது. இந்த நேரத்தில்தான் பாறைகள் வந்தன. பிரெஞ்சில் பாறைகளை ரோஷே என்பார்கள், தேவாலய மணிக்கூண்டுகளை க்ளோஷே என்பார்கள். சொன்னதைத் தச்சர்கள் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டதால், ஆர்ஃபியஸின் பின்னால் இரண்டு பாறைகளுக்குப் பதில் இரண்டு மணிக்கூண்டுகள் ஆடி ஆடி வந்தன என்று இன்றுவரை கதையாகச் சொல்கிறார்கள்.

நாலரை நூற்றாண்டு கழித்துக் கேட்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அரசரும் அரசியும் பிரபுக்களும் வீற்றிருக்கும் சபையில் அந்த மணிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற இருபத்தைந்து வயது இளைஞரை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஐந்து வருடம் முன் இதே அரசர்தான் அவருக்குத் தங்க நாணயங்கள் கொடுத்தார்.

தன்னிலை விளக்கம்

ஜொதெல் தன் பெரிய நாடகங்களை அச்சில் கொண்டுவர அக்கறை எடுத்துக்கொள்ளாதவர். நாட்டின் முதல் துன்பியல் நாடகம் என்று பெயர் வாங்கிய 'சிறைப்பட்ட கிளியோபாட்ரா'வே அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு அதே 1558இல் ஒரு சிறு நூலை உடனே அச்சிட்டார். அன்றைய அலங்காரங்கள், வாசகங்கள், நிகழ்ச்சிக்கான பாடல்கள் எல்லாவற்றையும் அதில் தொகுத்துத் தந்தார். என்ன திட்டமிட்டேன், எப்படிக் கெட்டது, நேரம் எவ்வளவு குறைவு, மற்றவர்கள் எங்கே கைவிட்டார்கள் என்று மனம் நொந்து விளக்கினார்.

அந்த நூலில் அவருடைய காயம் தெரிகிறது. வெற்றி பெற்ற நாடகத்தை அச்சிட நேரம் ஒதுக்காதவர், தோற்ற நிகழ்ச்சிக்காக ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். பழியைப் போக்குவதுதான் அப்போது அவருக்குப் பெரிதாகப் பட்டது. நியாயமாகப் பார்த்தால் அவர் மீதும் தவறு உண்டு. எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்ற தன்னம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது. ஆனால் சில நாள் அவகாசத்தில் அந்தச் சுமையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிய நகர மன்றத்தாரின் பங்கு எங்கே போனது? அது யாருடைய பேச்சிலும் இல்லை.

மூடிய கதவுகள்

அடுத்த ஆண்டே இன்னொரு இடி விழுந்தது. 1559இல் அரசரின் தங்கை மார்கெரித்தின் திருமணம் வந்தது. கவிஞர்களை ஆதரித்தவர் அவர். ஜொதெலும் மணவாழ்த்துப் பாடல் எழுதினார். கொண்டாட்டங்களின் நடுவே நடந்த ஈட்டிப் போட்டியில் அரசர் ஹென்றியின் கண்ணில் ஈட்டிச் சிம்பு பாய்ந்தது. ஜூலை 10 அன்று அரசர் இறந்துபோனார். பரிசளித்த கையும் போயிற்று, விழாக்களும் நின்றன.

விதவையான அரசி கேத்தரினுக்குத் துன்பியல் நாடகம் என்றாலே பயம் வந்துவிட்டது. முன்னர் பிளுவா அரண்மனையில் சொஃபோனிஸ்பா என்ற அரசியின் சோகக் கதையை நடித்திருந்தார்கள். அதனால்தான் நாட்டுக்குக் கேடு வந்தது என்று அவர் நம்பியதாக அக்காலத்தவரான பிராந்தோம் எழுதியிருக்கிறார். அதன் பிறகு அரசவையில் சிரிப்பு நாடகங்களுக்கே வரவேற்பு. 1562இல் கத்தோலிக்கர்களுக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வேறு வெடித்துவிட்டது.

ஜொதெல் சும்மா இருக்கவில்லை. 'டைடோ' என்ற இன்னொரு துன்பியல் நாடகம் எழுதினார். காதலன் ஏனியாஸ் கைவிட்டுப் போனபின் உயிர்விட்ட கார்த்தேஜ் அரசியின் கதை அது. முதல் நாடகத்தில் பத்து அசை வரிகளும் பன்னிரண்டு அசை வரிகளும் கலந்து இருந்தன. இதில் பன்னிரண்டு அசை வரிக்குப் பெரும் இடம் கொடுத்தார். பின்னால் பிரெஞ்சு துன்பியல் நாடகத்துக்கு நிலைத்த யாப்பாக அமைந்தது அந்த வரிதான். காதல் கவிதைகளும் நிறைய எழுதினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போரின்போது அவர் கத்தோலிக்கத் தரப்பில் நின்று புரொட்டஸ்டண்டுகளைக் கடுமையாகத் தாக்கிக் கவிதைகள் எழுதினார். 1572இல் பாரிஸில் புரொட்டஸ்டண்டுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட காலத்திலும் அவருடைய பேனா அந்தப் பக்கமே இருந்தது. அவருடைய புகழுக்கு அது அழகு சேர்க்கவில்லை.

எண்ணெய் இல்லாத விளக்கு

கடைசிக் காலத்தில் வறுமை அவரை வாட்டியது. அரசவையின் உதவி எப்போதோ ஒருமுறை வந்தது, நிலையாக வரவில்லை. சாகும் தறுவாயில் அவர் அரசர் ஒன்பதாம் சார்லசுக்கு ஒரு கவிதை சொல்லி எழுதச் சொன்னதாக லா மோத் குறிப்பிடுகிறார். அதில் ஒரு பழைய கிரேக்கக் கதையை அவர் எடுத்துக்கொண்டார்.

ஏதென்ஸ் நகரத் தலைவர் பெரிக்ளீஸுக்கு ஆலோசகராக இருந்தவர் தத்துவ அறிஞர் அனக்ஸகோரஸ். முதுமையில் எல்லோரும் மறந்துவிட, அவர் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு பட்டினி கிடந்து உயிர்விடத் தீர்மானித்தார். செய்தி கேட்டு ஓடி வந்த பெரிக்ளீஸ், உங்கள் ஆலோசனை இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அழுதார். அறிஞர் முகத்தைத் திறந்து, விளக்கு தேவைப்படுகிறவர்கள் அதற்கு எண்ணெய் ஊற்ற மறக்கக் கூடாது என்று மட்டும் உணர்த்தினார். புளூட்டார்க் சொல்லும் கதை இது. சாகக் கிடந்த கவிஞர் அதை அரசருக்கு நினைவூட்டினார்.

1573 ஜூலையில் ஜொதெல் இறந்தார். வயது நாற்பத்தொன்று. அவரைத் தூற்றியவர்களும் இருந்தார்கள். ஆனால் அவருக்காக இரங்கற்பா எழுதி வெளியிட்டவர்களில் ஒருவர் அக்ரிப்பா தோபின்யே. இவர் இருபது வயதைத் தாண்டிய ஒரு புரொட்டஸ்டண்ட் இளைஞர், ஜொதெல் கவிதையில் தாக்கிய அதே தரப்பைச் சேர்ந்தவர். கருத்துப் பகையை ஒதுக்கி வைத்துவிட்டு, மொழிக்குச் செய்த வேலைக்காக மரியாதை செலுத்தினார்.

இன்னொரு கைம்மாறு செய்தவர் நண்பர் லா மோத். சிதறிக் கிடந்த கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, 1574இல் ஜொதெலின் படைப்புகளை நூலாக வெளியிட்டார். 'சிறைப்பட்ட கிளியோபாட்ரா', 'யூஜீன்', 'டைடோ' மூன்றும் நம் காலம் வரை வந்து சேர்ந்தது இந்த ஒரு நண்பரின் உழைப்பால்தான். இவர் இல்லாவிட்டால் மணிக்கூண்டுக் கதை மட்டும் மிஞ்சியிருக்கும், நாடகங்கள் போயிருக்கும்.

அவர் திறந்த வழி

ஜொதெல் திறந்த வழியில் பலர் நடந்தார்கள். கிளியோபாட்ராவில் நடித்த லா பெரூஸ், 'மெதேயா' என்ற துன்பியல் நாடகம் எழுதத் தொடங்கி 1554இல் இளம் வயதிலேயே மறைந்தார். ழாக் கிரேவன் என்ற மருத்துவ மாணவர் 1561இல் ஜூலியஸ் சீசரின் கதையை மேடையேற்றினார். ழான் தெ லா தாய் 1572இல் பைபிளில் வரும் சவுல் மன்னனின் வீழ்ச்சியை நாடகமாக வெளியிட்டார். கதை ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்ற இலக்கணத்தை அதோடு சேர்த்து எழுதினார்.

எல்லோரையும்விடப் பெரியவர் ரொபேர் கார்னியே. ல மான் நகரத்தில் நீதித் துறையில் பணியாற்றியவர். உள்நாட்டுப் போரின் ரத்தத்தைத் தினமும் பார்த்தவர். ரோமின் உள்நாட்டுப் போர்களையும் எருசலேமின் அழிவையும் கதையாக எடுத்துக்கொண்டு தன் நாட்டின் வேதனையைச் சொன்னார். 1583இல் வந்த 'யூதப் பெண்கள்' அவருடைய சிறந்த நாடகம். அவர் எழுதிய 'மார்க் ஆண்டனி'யில் ஜொதெலின் கிளியோபாட்ரா மறுபடியும் பேசுகிறாள். அந்த நாடகத்தை மேரி சிட்னி என்ற பிரபு குடும்பத்துப் பெண்மணி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1592இல் வெளியிட்டார். ஷேக்ஸ்பியர் அதே அரசியை மேடைக்குக் கொண்டுவந்தது அதற்கும் பிறகு, ஜொதெலின் நாடகம் அரங்கேறி அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு.

1637இல் கோர்னேயின் 'ல சித்', 1677இல் ராசீனின் 'ஃபேத்ர்' என்று பிரெஞ்சு நாடகம் உலகப் புகழ் பெற்றது. கோரஸ் போய்விட்டது, நீண்ட புலம்பல்கள் குறைந்துவிட்டன. ஐந்து அங்கம், பன்னிரண்டு அசை வரி, ஒரே நாளில் முடியும் கதை, மேடைக்கு வெளியே நடக்கும் மரணம் ஆகியவை நிலைத்தன. ராசீன் நாடகங்களைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் ஜொதெலை நினைத்திருக்க மாட்டார்கள். அதனால் என்ன, அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டா நாம் வீட்டுக்குள் நுழைகிறோம்?

நிறைவாக

ஜொதெல் ஒரு மாலையில் பெரிதாக வென்றார், ஒரு மாலையில் பெரிதாகத் தோற்றார். அவர் காலத்தவர் தோல்வியை அதிகம் பேசினார்கள். காலம் வெற்றியை வைத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

நம் விழாவுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. நாடகம் எழுதுபவர், நடனம் சொல்லித் தருபவர், நாற்காலி அடுக்குபவர் யாரும் இங்கே சம்பளத்துக்குச் செய்யவில்லை. ஒருவர் தலையிலேயே எல்லாப் பொறுப்பையும் ஏற்றாமல், மாலையில் அரை மணி நேரம் கூடத்துக்குப் போய் என்ன உதவி வேண்டும் என்று கேட்டால் போதும். அன்று மறுபடியும் மைக் நின்றாலும் நிற்கட்டும். மறுநாள் நடைப்பயிற்சியில் நான் நாடகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.